கட்டுச்சோறும் வண்டி நிறுத்தமும்

நெடுந்தூரப் பிரயாணம் என்றவுடன் நம் மனம் போய்ச் சேரும் இடத்தையே எண்ணுகின்றது; புறப்படும் இடத்தையும் இடைவழியையும் எண்ணுவதில்லை. கல்விச் சுற்றுலாவுக்கு ஆயத்தமாகும் மாணவர் குழுக்களைக் கவனித்தால் இவ்வுண்மை புலப்படும். படுக்கை இடங்களை முன்பதிவு செய்யும் நாளை யாவரும் விரல்விட்டு எண்ணுகின்றனர். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் நூற்றிருபது நாளிலிருந்து அறுபது நாளாகக் குறைக்கப்பட்டதும் அவர்கள் அறிந்ததே. ஆனால், நிலையம் வரை ஏறிவரும் வண்டியை எங்கே விடுவது, வழியில் எதை உண்பது என்னும் இரண்டும் புறப்படும் மாலை வரை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இவை அற்பக் காரியங்கள் என்பது பலர் எண்ணம். அற்பமல்ல என்பதே நம் கருத்து.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை சென்ட்ரலிலிருந்து புது தில்லிக்குச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976 முதல் ஓடிவரும் வண்டி. புகை கக்காத மின்சார எஞ்சின் இழுத்தாலும் நாம் பழக்கத்தால் புகைவண்டி என்றே சொல்கின்றோம். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு இரவும் ஒரு பகலுமாகக் கடக்கின்றது. இரவு பத்து மணியளவில் புறப்பட்டு, விடியுமுன் விஜயவாடாவையும், காலையில் வாரங்கலையும், பிற்பகலில் நாகபுரியையும், அந்தியில் இடார்சியையும், இரவு உணவு வேளையில் போபாலையும் தொட்டு, மறுநாட் காலை தில்லி சேர்கின்றது. ஏறுமுன் ஒரு வேளை, ஏறியபின் காலை, பகல், மாலை, இரவு என நான்கு வேளை. ஆக ஐந்து வேளைக்கு ஏற்பாடு வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் வண்டி நிறுத்தம். தில்லியில் நான்கு இரவு தங்கித் திரும்புவோரின் மோட்டார் சைக்கிள் சென்னை நிலையத்தில் எட்டு இரவுகள் நிற்கவேண்டும். நிறுத்தக் கட்டணம் நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதாதலின் அதை எட்டால் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். அத்தொகை நகரப் பேருந்துக் கட்டணத்தினும் மெட்ரோ ரெயில் கட்டணத்தினும் பன்மடங்காகும். 2018 ஆம் ஆண்டிலிருந்து மெட்ரோ ரெயில் சென்ட்ரலைத் தொடுகின்றது. இரவு பத்து மணிக்குப் புறப்படுவோரும் காலையில் வந்திறங்குவோரும் அதனை எளிதில் பயன்படுத்தலாம். ஆகவே, வண்டியை வீட்டிலோ விடுதியிலோ விட்டு வருவதே முதல் யோசனையாக இருத்தல் வேண்டும்.

அருகில் பேருந்தோ ரெயிலோ இல்லாத ஊரினர் வண்டியைக் கொண்டுவந்தே ஆகவேண்டுமெனின், நிலையத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுத்தத்திலேயே விடுக. எத்தனை நாளுக்கு விடலாம், மழைக்கு மறைப்பு உண்டா என்பவற்றை முன்னரே ஒருநாள் சென்று விசாரித்துக்கொள்க. சீட்டைப் பணப்பையில் செருகி மறந்துவிடாமல், அதன் எண்ணையும் வண்டி நின்ற வரிசையையும் வேறோரிடத்திலும் குறித்துவைத்துக்கொள்க. வண்டிப் பெட்டிக்குள் பதிவுப் புத்தகத்தையோ பணத்தையோ வைத்துச் செல்லற்க. காப்புறுதி காலாவதியாகியிருப்பின் அதைப் புதுப்பித்த பின்னரே புறப்படுக. 2024 நவம்பர் இறுதியில் வாரணாசி கண்டோன்மென்ட் நிலையத்தின் வண்டி நிறுத்தத்தில் தீப்பற்றி ஏறத்தாழ இருநூறு இருசக்கர வண்டிகள் கருகிப் போயின. காவல் உள்ள இடத்திலும் விபத்து நேரலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று. காவலே இல்லாத தெருவோரத்தில் விட்டுச் செல்வோர், தம் பொருளை இழக்கும் அபாயத்தோடு பிறர் வழியை அடைக்கும் குற்றத்தையும் சேர்த்துக்கொள்கின்றனர். நிலைய வாயிலில் எட்டு நாள் வழிமறித்து நிற்கும் ஒரு வண்டி, மூட்டை தாங்கி வரும் முதியோருக்கும் நோயாளரை ஏற்றிவரும் வாகனத்துக்கும் இடையூறாவதை எண்ணிப் பார்த்தல் நலம்.

நிற்க. உணவைப் பற்றி இனி ஆராய்வோம். "கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பது பழமொழி. சொல்லின் ஆயுளைப் பற்றி நாம் ஒன்றும் கூற வரவில்லை. சோற்றின் ஆயுளைப் பற்றிக் கூறலாம். அது முதல் நாள் நண்பகல் வரையே. அதற்கு மேல் கட்டுச்சோற்றை நம்புதல் தகாது.

இதற்குக் காரணம் உண்டு. சோற்றில் வாழும் ஒருவகை நுண்கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஈரமும் வெதுவெதுப்புமாகப் பாத்திரத்துள் மூடிக் கிடக்கையில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை. சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிப்பது இது கருதியே. நம் பாட்டிமார் இந்நூல்களைப் படித்திலர். ஆயினும் வழிநடைக்குப் புளியோதரையைத் தேர்ந்தனர். புளியின் புளிப்பு கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. நல்லெண்ணெயில் நன்கு வதக்கிச் சுண்டவைத்த புளிக்காய்ச்சலில் நீர்ப்பசை குறைவு. சோற்றையும் சூடாக மூடாமல் அகன்ற தட்டிற் பரப்பி ஆறவைத்தே கலந்தனர். இம்மூன்றும் கூடிய கூட்டே அதன் வலிமை. ஆறாத சோற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடிவிட்டு, புளியோதரை கெட்டுவிட்டது என்று குறைகூறுதல் முறையன்று.

எனவே நமது ஏற்பாடு பின்வருமாறு இருக்கலாம். புறப்படும் இரவு உணவை நிலையத்துக்கு வருமுன்னரே முடித்துவிடுதல் வேண்டும். 2017 இல் திருத்திய விதிப்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை படுக்கைக்குரிய நேரமாகும். பத்து மணிக்கு வண்டியேறி விளக்கைப் போட்டுப் பொட்டலம் பிரிப்பது, உறங்க வந்தவருக்குச் செய்யும் அநீதி. மறுநாட் காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி சாலச் சிறந்தது. தேங்காய்ச் சட்டினியும், சாம்பாரும், முட்டை, இறைச்சி வகைகளும் கட்டுச்சோற்றுக்கு ஆகா. நண்பகலுக்குப் புளியோதரையோ, தக்காளித் தொக்குடன் சப்பாத்தியோ போதும். மாலைக்கு அவல், பொட்டுக்கடலை, வாழைப்பழம். பருவமாயின் நாகபுரியில் ஆரஞ்சு வாங்கலாம். இரவு உணவைச் சூடாக விலைக்குப் பெறுதலே அறிவுடைமை. வண்டியின் சமையற்பெட்டியிலும் பெறலாம். 2014 முதல் நடைமுறையிலுள்ள இணையவழி ஏற்பாட்டின்படி, பயணச்சீட்டின் பதிவெண்ணைக் குறித்துப் போபால் போன்ற நிலையத்து உணவகத்திலிருந்து இருக்கைக்கே வருவித்தும் கொள்ளலாம். மார்கழி, தை மாதங்களில் வடநாட்டு மூடுபனியால் வண்டி பல மணி நேரம் தாமதிப்பதுண்டு. ஆதலின் முறுக்கும் வறுகடலையும் ஒரு வேளைக்கு மிகுதியாக இருக்கட்டும்.

"எல்லாம்தான் விலைக்குக் கிடைக்கின்றனவே, இத்துணைத் தொல்லை எதற்கு?" என்று சிலர் வினவுவர். 2019 இன் இறுதியில் ரெயில்வே வகுத்த விலைப்படி, மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் மரக்கறிச் சிற்றுண்டி நாற்பது ரூபாய், சாப்பாடு எண்பது ரூபாய். இது பெருந்தொகையன்று என்று கையில் பணமுள்ளவர் கூறலாம். ஆனால், சுற்றுலாக் கட்டணத்தையே தவணையாகக் கட்டிய மாணவன் ஒருவன் குழுவில் இருப்பான். "உணவு அவரவர் பொறுப்பு" என்று விட்டுவிட்டால், நண்பர் வேளைதோறும் வாங்கி உண்ண, அவன் பசியில்லை என்று சொல்லி மேற்படுக்கையில் ஏறிப் படுத்துக்கொள்வான். அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்தவர் யார்? ஏற்பாடு செய்யத் தவறிய நாமே அன்றோ! நாம் இவ்விஷயத்தை எழுதப் புகுந்ததன் முதற் காரணம் இதுவே. உணவுச் செலவைச் சுற்றுலாக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுக. முதற்பகல் வரை விடுதிச் சமையலறையிலிருந்து யாவர்க்கும் ஒரே கட்டுச்சோறு, இரவுக்கு யாவர்க்கும் ஒரே சாப்பாடு என்று வகுத்துவிடுக. அப்பொழுது எவனும் பிறன் முகம் பார்க்க வேண்டியதில்லை. கட்டும் வேலையையும் சமையற்காரர் தலையிலோ மாணவியர் தலையிலோ சுமத்தாமல் யாவரும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.

மற்றோர் எல்லையும் உண்டு. சூடான உணவின்மேல் ஆசை கொண்டு வண்டியிலேயே அடுப்பு மூட்டுவோர் உளர். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தோர் தனியே அமர்த்திய பெட்டி மதுரை நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருக்கையில், சட்டத்துக்கு மாறாக உள்ளே கொணர்ந்த எரிவாயு உருளையால் தீமூண்டு ஒன்பது பேர் உயிரிழந்தனர். 1989 ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 164 ஆம் பிரிவு இத்தகைய பொருளைக் கொண்டுசெல்வோர்க்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. எனினும், தண்டனைக்கு அஞ்சி அன்று, அயலிருக்கையில் உறங்குவோரின் உயிருக்கு அஞ்சியே நாம் இதனை விலக்குதல் வேண்டும்.

உண்டபின் எஞ்சும் இலையும் தாளும் யாரோ ஒருவர் கையால் அள்ளப்படவேண்டியவை. சன்னல் வழியே எறிந்த பொட்டலம் மறைந்துபோவதில்லை. இருப்புப்பாதையில் குனிந்து வேலை செய்யும் தொழிலாளியின் காலடியிற் கிடக்கின்றது. ஒரு பழைய துணிப்பையை உடன்கொண்டு எச்சிற்பொருளை அதிற் சேர்த்து, நிலையத்துக் குப்பைத்தொட்டியில் இடுதல் பெரிய காரியமன்று.

பிரயாணம் கல்வியின் ஒரு பகுதி என்பது எல்லோரும் ஒப்பியதே. தில்லியின் கோட்டைகளும் தூண்களும் மட்டும் அக்கல்வியைத் தரும் என்று நாம் எண்ணவில்லை. உடன்வருவோரில் எவரும் பசித்திராமலும், உறங்குவோர் எழுப்பப்படாமலும், நம் வண்டியால் பிறர் வழி அடைபடாமலும் புறப்பட்டுத் திரும்பக் கற்றலும் கல்வியே. இவ்வாண்டு சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் நண்பர்கள், பயணச்சீட்டுப் பதியும் அன்றே ஒரு தாளை எடுத்து, எட்டு இரவு, ஐந்து வேளை என்று இரண்டு வரி எழுதி, அவற்றின் கீழ் விடையையும் எழுதி முடிப்பார்களாக.