வலியைத் தாங்கத்தான் வேண்டுமா?

"இனிமே நோய்க்கு மருந்து இல்லே. வீட்டுக்கு அழைச்சுட்டுப் போய் நல்லா பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டுப் பெண்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சகோதரிகளே, முற்றிய புற்றுநோயைக் குணமாக்க வழியில்லாமல் போகலாம். ஆனால் வலியைக் குறைக்க வழி உண்டு. அதற்கென்றே இருக்கும் வைத்தியத்துக்கு பாலியேட்டிவ் கேர், அதாவது ஆதரவு சிகிச்சை என்று பெயர்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் இதற்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடு அங்கே பரவியது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையைச் சேர்த்தார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் வேலை வலி மருந்து. கடுமையான வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதித் தருவார். "ஐயையோ, அபின் சமாச்சாரமாச்சே! பழகிடுமே, உயிருக்கே ஆபத்தாச்சே!" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு நோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது. பிள்ளை பயந்துகொண்டு, பாட்டி அலறும்போது மட்டும் ஒரு மாத்திரை கொடுப்பார். வீட்டுக்கு வந்த நர்ஸ், "வலி வந்த பிறகு துரத்தக்கூடாதும்மா, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும்" என்று சொல்லி, நாலு மணிக்கொரு தரம் கொடுக்கும்படி காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் எழுதி மருமகளிடம் கொடுத்தாள். சில நாளில் பாட்டி சாய்ந்து உட்கார்ந்து பேத்திக்குச் சடை பின்னிவிட்டாள். நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லியிருக்கிறது.

மார்ஃபின் மலச்சிக்கல் உண்டாக்கும். மலமிளக்கியும் கூடவே வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கலாம். எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

மற்றவை நம் கைப்பக்குவம்தான்:

* படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். விரிப்பில் சுருக்கம், ஈரம் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

* வாயைச் சுத்தமாக வையுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் பல் தேய்த்து, உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

* மூச்சு வாங்கினால் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள். ஜன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படும்படி சின்ன ஃபேனை வையுங்கள்.

* புண்ணில் நாற்றம் வந்தால் ஊதுபத்தி ஏற்றி மறைக்க வேண்டாம். அதற்கு மருந்து உண்டு. நர்ஸைக் கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டையே வரும். "ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று கெஞ்சி, வாயில் திணிக்க வேண்டாம். கடைசி நாட்களில் உடம்பே உணவு கேட்காது. பட்டினி போடுகிறோமே என்று மனம் குமைய வேண்டியதில்லை. விழுங்க முடிந்தவரை, உட்கார வைத்து, கேட்டதைக் கேட்டபோது இரண்டு ஸ்பூன் கொடுத்தால் போதும்.

நோயாளி, "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். யாரைப் பார்க்க வேண்டும், பணம், நகை, நிலம் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் மனத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்த வேலை முழுவதும் பெரும்பாலும் ஒரே பெண் தலையில்தான் விழுகிறது. நாத்தனாரோ, கொழுந்தனாரோ, பிள்ளையோ, இராத்திரி ஒரு முறை மாத்திரை கொடுக்கும் பொறுப்பையாவது ஏற்கட்டும். நீங்களே வாய் திறந்து கேளுங்கள். நாலு மணி நேரம் நீங்கள் நன்றாகத் தூங்கினால், மறுநாள் நோயாளியிடம் எரிந்து விழ மாட்டீர்கள்.