மருமகள் பெயர் சட்டத்தில் இல்லை!

என் மாமியார் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷமாகிறது. முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கஞ்சி ஊட்டணும், துணி மாற்றணும். பகல் முழுக்க நான். ராத்திரி என் ஓரகத்தி. அவள் கிறிஸ்தவப் பெண், காதல் கல்யாணம். ஒரு காலத்தில் அவளை வாசற்படி ஏற விடாத அத்தைக்கு, இன்று அவள் கையால் கொடுத்தால்தான் மாத்திரை இறங்குகிறது!

சமீபத்தில், கிராமத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். பத்து நாள் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். "அப்ப அம்மாவை யாரு பாத்துக்கறது?" என்றார் என் கணவர். கொழுந்தனார் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போதே வந்த கேள்வி இது!

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பெற்றவர்களுக்குச் சாப்பாடு, துணி, இருக்க இடம், வைத்தியம் கொடுக்கும் பொறுப்பை மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி மேல் அது வைத்திருக்கிறது. அந்த வரிசையில் மருமகள் இல்லை. மருமகன், மருமகளையும் சேர்க்க 2019 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறாமலே 2024-ல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. ஆக, சட்டப்படி என் அம்மாதான் என் பொறுப்பு. வீட்டு வழக்கப்படியோ அம்மாவைப் பார்க்க நான் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 41 பேர் வீட்டு மனிதர்களைக் கவனிக்கும் வேலை செய்கிறார்கள். ஆண்களில் 21 பேர்தான். அப்படிக் கவனிக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் போகிறது, ஆணுக்கு 74 நிமிடம். இல்லத்தரசியின் உழைப்பும் கணவர் சொத்து வாங்குவதற்குத் துணை செய்த பங்குதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பு சொன்னது. கோர்ட்டுக்குத் தெரிந்தது கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லையே!

கடைசியில் வழி விட்டது அத்தைதான். குழறிய குரலில், "நீ போயிட்டு வாம்மா. அவங்களும் என்னை மாதிரி ஒரு தாய்தானே" என்றார். என் கணவர் லீவு போட்டார். புரட்டிப் படுக்க வைக்க ஓரகத்தி சொல்லிக் கொடுத்தாள். கஞ்சி ஊட்டியது என் எட்டாம் வகுப்புப் பையன்.

நான் திரும்பி வந்த அன்று என் கணவர், "இத்தனைக்கும் நடுவிலே நீ எப்ப சாப்பிடறே?" என்று கேட்டார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை! இப்போது ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பி முறை.

அத்தையைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பாரமில்லை சகோதரிகளே. அது என் ஒருத்தி தலையில் மட்டும் விழுவதுதான் பாரம். பெண்ணுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கும்போதே பையனுக்கும் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு நாமும் படுக்கத்தானே போகிறோம்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்