புயலுக்குப் பேர் இருக்கு

வர்தா, நிவர், மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல். இந்தப் பேரெல்லாம் நமக்கு மனப்பாடம். வர்தா பாகிஸ்தான் கொடுத்த பேர். நிவர் ஈரான் கொடுத்தது. மிக்ஜாம் மியான்மர், ஃபெஞ்சல் சவூதி அரேபியா. கடலில் ஒரு சுழி கிளம்பும் முன்னாலேயே அதுக்குப் பேர் எழுதி வைத்துக்கொண்டு பதிமூன்று நாடுகள் காத்திருக்கின்றன. பேர் வைத்த புயல் வந்தால் அமைச்சர் வருவார், தொலைக்காட்சி வரும், மத்தியக் குழு வரும், ஹெலிகாப்டர் கூட வரும்.

எங்கள் கூரையைப் பிரித்துப் போடுகிற காத்துக்குப் பேர் கிடையாது. அது சித்திரையிலும் வைகாசியிலும் வரும். நாளெல்லாம் கொளுத்தி எடுத்துவிட்டு நாலு மணிக்கு மேற்கே கருக்கும். புழுதி கிளம்பும். அரை மணி நேரம்தான். சில வருஷம் அதோடு ஆலங்கட்டியும் விழும். காத்து போன பிறகு பார்த்தால் ஊர்த்தெருவில் மாமரத்துக் கிளை நாலு முறிஞ்சிருக்கும், ஒரு மின்கம்பம் சாய்ஞ்சிருக்கும். சேரியில் வரிசையாக வானம் தெரியும். மறுநாள் பத்திரிகையில் ‘கோடை மழையால் மக்கள் மகிழ்ச்சி’ என்று போட்டிருப்பான். எந்த மக்கள்யா?

‘காத்துக்குச் சாதி தெரியுமா?’ என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அதில் சிலர் முற்போக்கு எழுத்தாளர்களும்கூட. காத்துக்குத் தெரியாதுதான். கூரைக்குத் தெரியும். காத்து கூரையை எப்படித் தூக்குகிறது என்று ஒருமுறையாவது நிதானமாகப் பார்த்தவன் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான். மேலே வேகமாக ஓடுகிற காத்து சீட்டை மேல்நோக்கி இழுக்கும். கதவு சரியில்லாத வாசல் வழியாக உள்ளே புகுந்த காத்து கீழிருந்து தள்ளும். கூரை எந்த அளவுக்குத் தட்டையாக இருக்கிறதோ அந்த அளவுக்குத் தூக்கல் அதிகம். முதலில் ஓரத்துச் சீட்டு எழும்பும். அது எழும்பினால் அடுத்தது தானே வரும். இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. சட்டத்தோடு சேர்த்துக் கொக்கி போட்டு முடுக்கணும், சட்டத்தைச் சுவரோடு கட்டணும், சுவருக்கு மேல் காங்கிரீட் பட்டை ஓடணும், கதவு சன்னல் சாத்தணும். இத்தனைக்கும் காசு வேணும். காசுக்கு முன்னால், இந்த மனை நாளைக்கும் நம்மதுதான் என்கிற நம்பிக்கை வேணும். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தில் எவன் காங்கிரீட் பட்டை ஓட்டுவான்? அதனால்தான் எங்கள் கூரைமேல் கருங்கல் இருக்கிறது, பழைய டயர் இருக்கிறது, மணல் மூட்டை இருக்கிறது. காத்து சீட்டைத் தூக்கினால் அந்தக் கல் கீழே படுத்திருக்கிற குழந்தை மேலதான் விழும். அதுவும் தெரிஞ்சேதான் வைக்கிறோம்.

கீத்துக் கொட்டாய் காலத்தில் இந்தக் கணக்கு வேறு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோடைக்கு முன்னால் பழைய கீத்தைப் பிரித்துப் புதுசு வேய்வார்கள். காத்தில் போனால் நாலு பேர் சேர்ந்து ரெண்டு நாளில் மறுபடி கட்டிவிடலாம். ஆனால் ஒரு தீப்பொறி போதும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள்தான் எரிந்தார்கள். கூரை எங்களுக்கு வெறும் மழை மறைப்பாக இருந்ததே இல்லை. இன்றைக்கு மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகளில் கீத்து வேய்ந்து, ‘இயற்கையோடு வாழுங்கள்’ என்று ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறான். ஓலைக் கூரையின் குளிர்ச்சியைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் அங்கே போய் எழுதட்டும்.

அதுக்குப் பிறகு வந்தது சிமெண்டு சீட்டு. எங்க சனம் கீத்திலிருந்து சீட்டுக்கு மாறியதை முன்னேற்றம் என்று சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. எங்கள் தெருவில் ஆலங்கட்டி பட்டு விரிசல் விட்ட சீட்டை ரம்பம் போட்டு அறுத்து, அந்தத் தூளுக்குள்ளேயே உட்கார்ந்து சோறு தின்கிறோம். விரிசலைத் தார் ஊற்றி அடைக்கிறோம். அடுத்த மழையில் பக்கத்திலேயே இன்னொரு இடம் ஒழுகும்.

இனி நிவாரணத்துக்கு வருவோம். இங்கேதான் நான் சண்டை போட நினைக்கிறேன்.

பேரிடர் நிதிக்கான மத்திய அரசின் பட்டியலில் பன்னிரண்டு பேரிடர்கள் உண்டு. புயல் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, பனிச்சரிவுகூட இருக்கிறது. ஆலங்கட்டி மழையும் இருக்கிறது. கோடைச் சூறைக்காத்துக்கென்று ஒரு வரி இல்லை. அதாவது ஐஸ் விழுந்து சீட்டு உடைந்தால் விதி உண்டு. வெறும் காத்தில் பறந்தால் அளக்க வருகிறவர் மனசு வைக்கணும். ஐஸ் விழுந்ததற்குச் சாட்சி எங்கே? அளக்க வருகிறவர் மூணாம் நாள் வருகிறார். அதற்குள் சாட்சி கரைந்து ஏரிக்குப் போய்விட்டது.

2022 முதல் 2026 வரைக்கான அந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். சேதமான குடிசைக்கு ரூ.8,000. குடிசை இல்லாத கச்சா வீடு பகுதியாகச் சேதமானால் ரூ.4,000. பக்கா வீட்டுக்கு ரூ.6,500. அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருக்கணும். வீடு முழுசாகப் போனால் சமவெளியில் ரூ.1,20,000. ஆனால் அந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று அதிகாரி சான்று தரணும். குடிசை என்றால் என்ன என்பதற்கும் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஓலை, மண், பிளாஸ்டிக் கொண்டு கட்டியது, கச்சா வீட்டைவிட மட்டமானது, அதிகாரிகளால் குடிசை என்று அறியப்படுவது. எது குடிசை என்று அதில் இருக்கிறவன் சொல்ல முடியாது.

இது ஏட்டில். நடப்பில் எப்படி என்பதற்கு எங்க அத்தை வீடு. உத்திரமேரூர் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவர். மண் சுவர். முன்பாதி சீட்டு, பின்பாதி கீத்து. கோடைக் காத்தில் கீத்து மொத்தமும் போச்சு, சீட்டு ரெண்டு உடைஞ்சுது. அளக்க வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்கணுமா?

“முன்னாடி சீட்டுதானேம்மா இருக்கு. இது குடிசைல வராது.”

“பின்னாண்ட வந்து பாருங்க சார். கீத்து அப்டியே பூட்ச்சு. வானம் தெரியுது.”

“ரெண்டு சீட்டுதான் உடைஞ்சிருக்கு. பதினஞ்சு பர்சென்ட் தேறாது. பட்டா வெச்சிருக்கியா?”

“இன்னா சார் பட்டா? எங்க மாமனாரு காலத்துலருந்து இங்கதான் கீறோம்.”

“அப்போ புறம்போக்கு.” எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அத்தை வயசில் பாதி இருக்காது அவருக்கு. அத்தை ‘சார்’ என்கிறார், அவர் ‘வெச்சிருக்கியா’ என்கிறார். சல்லிக்காசு வரவில்லை. கீத்தாகவே விட்டிருந்தால் குடிசைக் கணக்கில் எட்டாயிரத்துக்காவது வாதாடியிருக்கலாம். கடன் வாங்கிச் சீட்டு போட்டதால் நாலாயிரத்துக்கு இறங்கினார். பட்டா இல்லாததால் அந்த நாலாயிரமும் போச்சு. விதியில் பகுதிச் சேதத்துக்குப் பட்டா கேட்கவில்லை என்பதை அப்போது எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பட்டா ஏன் இல்லை? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் 1891க்குப் போகணும். அன்றைக்குக் காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லை என்பது மட்டும் அதில் விஷயமில்லை. குடியிருக்கிற மனையே மிராசுதாரன் கையில் இருந்தது. கூலி கேட்டால், வேறிடம் வேலைக்குப் போனால், வீட்டைவிட்டே துரத்தலாம். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் யார் கைக்குப் போனது என்று கேட்டுப் போராடியதன் தொடர்ச்சியில்தான் காரணையில் அம்பேத்கர் சிலை, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு, ஜான் தாமஸ், ஏழுமலை. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்க 1971இல் சட்டமும் வந்தது. இத்தனைக்கும் பிறகு அத்தையைப் பார்த்து ‘பட்டா வெச்சிருக்கியா?’

உத்திரமேரூருக்கு இன்னொரு பெருமை உண்டு. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகள். 2020 டிசம்பர் 10இல் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பாடப்புத்தகத்தில் ‘பண்டைத் தமிழரின் மக்களாட்சி’ என்று நாமும் பரீட்சை எழுதினோம். அந்தக் கல்வெட்டில் உறுப்பினர் ஆவதற்கு என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்கணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கணும். சொந்த மனையில் வீடு! ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு, அதே உத்திரமேரூர் வட்டாரத்தில், ரெண்டு சீட்டுக்கு நிவாரணம் வாங்கவும் அதே தகுதியைத்தான் கேட்கிறார்கள்.

எங்க ஊர் திருப்புட்குழியிலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. விஜயராகவப் பெருமாள் கோயில் திவ்ய தேசம். சடாயு என்கிற பறவைக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம். அந்தக் கோயிலின் கல் கூரை எத்தனையோ காத்தைப் பார்த்திருக்கிறது, அசையவில்லை. கூரையை உறுதியாகப் போடத் தெரியாத நாடா இது? யாருக்குப் போடுவது என்பதில்தான் வழக்கு.

சர்க்கார் வீடு கட்டவில்லையா என்று கேட்பார்கள். கட்டியது. தாட்கோ என்கிற கழகமே எங்களுக்கு வீடு கட்ட 1974இல் தொடங்கப்பட்டதுதான். பிறகு தொகுப்பு வீடுகள் வந்தன. இன்றைக்கு அந்தத் தொகுப்பு வீடுகளுக்குள் தலையை உயர்த்திப் பார்த்தால் துரு ஏறிய கம்பி பல்லை இளிக்கிறது. மழைக்குப் பயந்து வீட்டுக்குள் போன காலம் மாறி, மழை வந்தால் வீட்டைவிட்டு வெளியே படுக்கிறார்கள். 2001க்கு முன்னால் கட்டிய அரசு வீடுகளில் 25,000ஐத் திரும்பக் கட்ட 2025 பட்ஜெட்டில் ரூ.600 கோடி அறிவித்தார்கள். நல்லது. கூரைக்கு ஆயுள் முடிந்துவிட்டதென்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. முறை வரும்வரை அதற்குக் கீழே படுத்திருக்கிறவர்களுக்கு என்ன பதில்? மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியலில், மழையில் ஊறிய இருபதடிச் சுவர் தலித் வீடுகளின் ஓட்டுக் கூரைமேல் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். அதையும் முதலில் ‘மழைச்சாவு’ என்றுதான் எழுதினார்கள்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். புதுப் பேர் எழுதிய பலகை தெருமுனையில் நட்டால் அதையாவது நல்ல ஆழமாக நடுங்கள், காத்து அதிகம்.

மே 1 அன்று கிராம சபை கூடும். சரியாகக் கத்திரி தொடங்குகிற சமயம். மாணவத் தோழர்கள் அவரவர் ஊருக்குப் போய் உட்காருங்கள். சேரியில் எத்தனை வீடு கீத்து, எத்தனை சீட்டு, எத்தனை தொகுப்பு வீடு, எதற்கெல்லாம் பட்டா இல்லை என்று காத்து அடிக்கும் முன்னாலேயே எழுதித் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூரையையும் செல்போனில் தேதி தெரியப் படம் எடுங்கள். கோடைக் காத்தையும் பேரிடர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி இன்னொரு தீர்மானம். தன் வழியில் வருகிற பேரிடர்களை மாநில அரசே அறிவித்து நிதியில் பத்து சதவீதம் வரை செலவழிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆலங்கட்டி விழுந்தால் அது கரையும் முன்னால், உடைந்த சீட்டின் மேலேயே வைத்து ஒரு படம். அளக்க வருகிறவர் வாசலில் நின்றால், “உள்ள வாங்க சார், மேல பாருங்க” என்று சொல்ல நாலு பேர் அத்தை பக்கத்தில் நில்லுங்கள்.