தொழிற்களம்: கழற்றுவோனை எண்ணிப் பூட்டுக

பீன்யாத் தொழிற்பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் கைவரப்பெற்ற நம் இளைஞர்க்கு, சொந்தமாக ஒரு பந்தயக் கார் கட்டிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே. பொறியியற் கல்லூரி மாணவர்க்கும் அவ்வாவல் உண்டு. எஞ்சினைப் பற்றி அவர்கள் மணிக்கணக்கில் பேசுவர். அதன்மேல் மூடும் பாடித் தகடுகளை எவ்வாறு பொருத்துவது என்பதையோ இறுதி நாள் வேலையாக ஒதுக்கிவிடுவர். உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய அவ்வேலையை இம்மாதம் ஆராய்வோம்.

இது நம்மவர்க்குப் புதிய கலை அன்று. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு 1988இல் 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை அறிமுகப்படுத்தினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அவ்வகை வண்டியையே. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் 2003 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெங்களூரிலும் 1982இல் சிபானி நிறுவனத்தின் டால்ஃபின் கார் ஃபைபர் மேனியுடன் வெளிவந்தது. 2001இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்சாரக் கார், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் தகடுகளைப் போர்த்தியிருந்தது.

இவ்வகை வண்டிகளில் சட்டம் எலும்பு; தகடு தோல். பாரத்தைச் சட்டமே சுமக்க வேண்டும். ஓடும்போது சட்டம் சிறிது முறுக்கும், அதிரும். தகட்டை அசையாதவாறு இறுக்கிவிட்டால், அம்முறுக்கைத் தாங்காமல் துளையோரத்தில் விரிசல் காணும். ஆதலின் துளை போல்ட்டைவிடச் சற்றே பெரிதாயிருத்தல் நலம். போல்ட் தலைக்கடியில் அகன்ற வாஷரும், தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர்த் துண்டும் அமைதல் வேண்டும். சட்டத்தில் பற்றவைத்த சிறு தாங்கிகளில் தகட்டை முதலில் வெறுமனே நிறுத்தி, இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே துளையிட வேண்டும்.

அடுத்தது காற்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் எதிர்க்காற்று ஏறத்தாழ 12 கிலோ எடையளவு அழுத்தும். 100 கிலோமீட்டரில் அது 47 கிலோவை எட்டும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது கணக்கு. ஆகையால், கூரைக்கு ஓடு வேய்வோன் மழைநீர் உட்புகாதவாறு மேலோட்டைக் கீழோட்டின்மேல் படிய வைப்பதுபோல, முன்தகட்டின் விளிம்பு பின்தகட்டின்மேல் படிய வேண்டும். மாறி அமைந்தால் காற்று உள்நுழைந்து தகட்டைப் பிய்த்தெறியும். கொக்கி மாட்டாத கதவுடன் சரக்கு வேகனை நாங்கள் புறப்பட விடுவதில்லை, காரணம் இதனையொத்ததே. பறப்பது எதுவாயினும் பக்கத்தில் நிற்பவனையே தாக்கும்.

எனினும், விடாது பற்றிக்கொள்ளும் தகடு விரைவில் விடவும் வேண்டும். முன்விளிம்பில் இரண்டு முளைகள் சட்டத்துத் துளைகளில் நுழைந்து நிற்க, பின்விளிம்பை மட்டும் கால் சுற்றில் பூட்டித் திறக்கும் திருகாணிகளால் பிடிப்பது நல்ல முறை. விமானங்களின் மூடிகளிலும் இத்தகைய திருகாணிகள் உண்டு. எல்லாம் ஒரே அளவாயிருந்தால் ஒரே கருவி போதும். பெட்ரோல் கசிந்து தீப்பற்றும் வேளையில், பத்துப் போல்ட்டுக்குப் பத்து ஸ்பேனர் தேடிக்கொண்டிருக்க இயலுமா?

ஃபைபர் தகட்டை வீட்டிலேயே வார்க்க முனைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ரெசினில் கோபால்ட்டை நன்கு கலக்கிய பின்னரே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். அவ்விரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீயும் வெடிப்பும் நேரும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை பறிபோகக்கூடும். கண்ணாடி அணிக, தெறித்துவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவி மருத்துவமனைக்கு விரைக. தகட்டைத் தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குப் பகை. முகமூடியின்றித் தேய்த்தல் ஆகாது.

முறையான சோதனையும் பதிவும் பெறாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. தும்கூர் சாலை பந்தயத் தடம் அன்று என்பதை இளைஞர் மறவாதிருப்பாராக.

பெற்றோரும் இம்முயற்சியை வீண் விளையாட்டென்று தள்ளிவிட வேண்டா. தான் பூட்டுவதை நாளை வேறொருவன், ஒருவேளை புகைக்கு நடுவே, கழற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பூட்டுகிறவனே தேர்ந்த தொழிலாளி. அவ்வெண்ணம் வாய்த்த பிள்ளை எந்தப் பட்டறைக்குச் சென்றாலும் மதிப்புப் பெறுவான்.