ஊடலுக்கும் உரிமை வேண்டும்

சென்ற ஐப்பசி மழையில், இரவு ஒன்பது மணிக்கு, என் பழைய மாணவி கதவைத் தட்டினாள். அவளும் அவள் துணைவியும் ஆறு வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். பாத்திரம் கழுவுவதில் தொடங்கிய சண்டை, "உன் தம்பி கல்யாணத்துல என்னை ரூம்மேட்டுன்னு ஏன் சொன்ன?" என்பதில் வந்து நின்றிருந்தது.

"கவுன்சலிங் போனோம் மேடம்" என்றாள். ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "உங்க ரெண்டு பேர்ல ஆம்பளை யாரு?" இரண்டாவது: "அம்மா நம்பர் குடுங்க." பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்து, ஆட்டோவில் இருவரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறது.

ஒரே சொல்லுக்கு இந்த நாட்டில் இரண்டு பொருள். கணவன் மனைவிக்குக் கவுன்சலிங் என்றால் சேர்த்து வைப்பது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆலோசகர்களை நியமிக்கவும் வழிசெய்கிறது. இரண்டு பெண்களுக்கோ இரண்டு ஆண்களுக்கோ கவுன்சலிங் என்றால் பிரித்து வைப்பது. காவல் நிலையத்திலும் பெற்றோர் அழைத்துப்போகும் மருத்துவரிடமும் அதுதான் பொருள்.

மிகைப்படுத்தவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கை 2021இல் விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். பிறகு எழுதிய ஆணையில், பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்றுவதற்கு ஆலோசனையைக் கருவியாக்கக் கூடாது என்று நீதிமன்றங்களுக்கே நெறிமுறை வகுக்க வேண்டியிருந்தது.

பிரிப்பது தவறு என்றாகிவிட்டது. சரி, சேர்ந்து வாழ்கிறவர்கள் சண்டை போட்டால் எங்கே போவார்கள்?

"தாலியா கட்டியிருக்கு, பிடிக்கலன்னா போயிட வேண்டியதுதானே" என்கிறார்கள், முற்போக்கு பேசும் என் சக ஆசிரியர்கள் உட்பட. தாலி கட்ட வழியில்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாத தாலியை அவர்களுக்கு எதிரான வாதமாக்குவது எந்த ஊர் நியாயம்? அம்மாவிடம் அழுதால் "அப்பவே சொன்னேன்ல" என்பாள். தோழிகளிடம் சொன்னால் "இதுங்களுக்கெல்லாம் நிலைக்காது" என்று ஊர் பேசும். ஆகவே எந்நேரமும் மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டியாக வேண்டும். வேறெந்தத் தம்பதிக்கும் நாம் இந்தத் தண்டனையைக் கொடுப்பதில்லை.

நான் வகுப்பில் மருதம் நடத்துகிறவள். ஊடலுக்கென்று ஒரு திணையையே ஒதுக்கிய மொழி இது. அந்த ஊடலைத் தீர்க்க, தோழி முதல் கண்டோர் வரை பன்னிரண்டு வாயில்களை வரிசைப்படுத்துகிறது தொல்காப்பியம். என் மாணவிக்கு ஒரு வாயில்கூட இல்லை.

அந்தப் பன்னிரண்டையும் அப்படியே கேட்கவும் நான் தயாரில்லை. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்காகக் கதவைத் திறக்கச் சொன்ன வாயில்கள் அவை. "அனுசரிச்சுப் போம்மா" என்று இன்றைக்கும் பெண்களிடம் சொல்லும் ஆலோசனை அறைகள் அவற்றின் வாரிசுகள். அடித்தாலும் பொறுத்துக்கொள் என்ற அதே பாடத்தை இன்னொரு வகைத் தம்பதிக்கும் நீட்டிப்பது சமத்துவம் ஆகாது.

வேண்டியது வேறு. ஆண் யார், பெண் யார் என்று கேட்காத ஆலோசகர் வேண்டும். வாடகையை யார் கொடுப்பது, ஆஸ்பத்திரிப் படிவத்தில் யார் பெயரை எழுதுவது, எந்த உறவினரிடம் எவ்வளவு சொல்வது என்பவற்றைத் தாம்பத்தியத்தின் கேள்விகளாகவே எடுத்துக்கொள்கிறவர் வேண்டும். வீட்டின் நெருக்கலில் பெண் பார்க்கக் கிளம்பும் காதலனிடம், ஏமாறப்போகும் அந்தப் பெண்ணைப் பற்றியும் பேசுகிறவர் வேண்டும். அடி விழும் வீட்டில் அதை அடி என்றே சொல்பவர் வேண்டும். பிரிவதுதான் நல்லதென்றால், கௌரவமாகப் பிரியவும் உதவ வேண்டும்.

பெண்ணிய அமைப்புகள் நடத்தும் ஆலோசனை மையங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். அங்கிருக்கும் படிவங்களில் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தை இந்த வாரமே அடித்துவிட்டுத் 'துணையின் பெயர்' என்று எழுத, எந்த நீதிமன்ற ஆணையும் தேவையில்லை.

அன்றிரவு என் மாணவிக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன். அவள் துணைவியை வரச் சொன்னேன், வந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் தமிழ் வாத்தியார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.