டிரைவாஷுக்குத் துணி போடும் முன்

பட்டுப்புடவையும் கோட்டும் டிரைவாஷுக்குப் போட்டு வாங்கும் எல்லாருக்கும் எங்கள் நுகர்வோர் குழு விடுக்கும் வேண்டுகோள் இது.

டிரைவாஷில் தண்ணீருக்குப் பதில் ஒரு ரசாயனத் திரவம்தான் அழுக்கை எடுக்கிறது. உலகெங்கும் நெடுங்காலமாகப் புழங்குவது பெர்குளோரோஎத்திலீன், சுருக்கமாக 'பெர்க்'. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தண்ணீரைவிடக் கனமானது என்பதால், சாக்கடையில் கொட்டினால் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரையும் கெடுக்கும். கலிபோர்னியா 2007-ல் முடிவெடுத்து, 2023-க்குள் டிரைவாஷ் கடைகளிலிருந்து அதை வெளியேற்றியது.

'பெர்க் இல்லை', 'கிரீன்' என்ற பலகைகள் வந்தது இதனால்தான். எங்கள் கவலையும் அந்தப் பலகைகள்தான். பெர்க் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

நியூ ஜெர்சியில் ஒரு கடை பெர்க்கை விட்டு 1-புரோமோபுரோப்பேனுக்கு மாறியது. அங்கே வேலை பார்த்தவருக்குத் தலைவலி, அசதி, மூட்டுவலி, தசைத் துடிப்பு, பார்வைத் தடுமாற்றம் எல்லாம் வந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-ல் இதைப் பதிவு செய்தது. நரம்பைத் தாக்கும் அந்தத் திரவம் பெர்க்குக்கு மாற்றாகத்தான் கடைக்குள் நுழைந்தது! இன்னொரு மாற்றான டி5 என்னும் சிலிகோன் திரவத்துக்கு வாடையே கிடையாது. ஆனால் சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேரக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அதைக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் ஏற்றிவிட்டது. பெட்ரோலிய வகைத் திரவங்கள் தீப்பற்றும்.

எங்களுக்கு நம்பிக்கை தருவது 'வெட் கிளீனிங்'. தண்ணீரும் மென்மையான சோப்புத் திரவமும் போட்டு, சுழற்சியையும் ஈரத்தையும் கணினி கட்டுப்படுத்தும் இயந்திரத்தில் துவைப்பது. திரவ கார்பன் டை ஆக்சைடு முறையும் நல்லதே. என்ன, இயந்திரத்தின் விலை பயமுறுத்தும். இந்த இரண்டுக்கும் மாறிய கடைகளுக்குக் கலிபோர்னியா 10,000 டாலர் மானியம் கொடுத்தது. நம் அரசிடமும் அப்படிக் கேட்கலாம், தப்பில்லை.

துணி போடும்போது, "என்ன சால்வென்ட் போடுறீங்க?" என்று கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல வேண்டாம். நாள் முழுக்க அந்தத் திரவத்தின் ஆவியைச் சுவாசிப்பது கடையில் நிற்பவர்தான். பெயர் தெரியவில்லை என்றால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும் துணியில் ரசாயன வாடை வந்தால் சரியாகக் காயவில்லை என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டபின் பீரோவில் வையுங்கள். வீட்டிலேயே அலசக்கூடிய துணியைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

கடைக்காரர்களே, கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். போடும் திரவத்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள்.