வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

'ரிக்ரெட்', 'அப்பாலஜி' இரண்டும் ஒன்றுதானே என்பவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. மழையால் கிரிக்கெட் ஆட்டம் நின்று போனால் யார் வேண்டுமானாலும் 'ரிக்ரெட்' சொல்லலாம். மழை யார் குற்றமும் இல்லை. 'அப்பாலஜி' என்றால் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது. அதற்கு ஒரு பொறுப்பாளி வேண்டும்.

இந்த நுணுக்கம் நமக்குத்தான் பிடிபடுவதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் அரசுக் கணக்கிலேயே 379 பேர். நூற்றாண்டையொட்டி 2019-ல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் சொன்னது 'ரிக்ரெட்'. எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் முழுமையான 'அப்பாலஜி' கேட்டார், வரவில்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்குப் பிரதமர் ஹோவர்ட் 1999-ல் 'ரிக்ரெட்'டோடு நிறுத்திக்கொண்டார். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 'அப்பாலஜி', 'ஸாரி' இரண்டையும் வாய் திறந்து சொல்ல 2008-ல் கெவின் ரட் வரவேண்டியிருந்தது. வெறும் வார்த்தைதானே என்றால், அதைச் சொல்ல ஏன் அத்தனை தயக்கம்?

நான் மட்டும் யோக்கியன் இல்லை. எங்கள் அலுவலகத் தவறால் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதம் தாமதமானது. கடிதத்தில் 'அப்பாலஜைஸ்' என்று எழுதினேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு 'ரிக்ரெட்' என்று போட்டார். "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா யாருய்யா பதில் சொல்றது?" என்றார். பேசாமல் டைப்புக்கு அனுப்பினேன்.

அந்த அம்மா கடிதத்தோடு நேரில் வந்து, படித்துச் சொல்லச் சொன்னார்.

"தாமதத்துக்கு வருந்துறோம்னு போட்டிருக்கும்மா."

"வருத்தமெல்லாம் எனக்குத்தானே சார்? உங்களுக்கு என்ன வருத்தம்?"

பதில் சொல்லத் தெரியாமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

யாராவது 'ரிக்ரெட்' என்றதும் 'மன்னிப்புக் கோரினார்' என்று நம் பத்திரிகைகள் தலைப்புப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது. ஐயா, மொழிபெயர்ப்பாளர்களே, அவர்கள் கேட்காத மன்னிப்பை நீங்கள் கேட்டுக் கொடுக்காதீர்கள். 'வருத்தம் தெரிவித்தார்' என்றே போடுங்கள். கேட்கவில்லை என்பது படிப்பவனுக்குத் தெரியட்டும்.

அந்த அம்மாவிடம் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.